ஆயிரத்து அறுநூறுக்குத் தொள்ளாயிரம்

காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கிச்
சுவிச்சைப் போட்டால்
மொனிற்றர் நேற்றையதை மறந்திருக்கும்.
எழுத்தெல்லாம் உப்பி,
ஐகன்கள் ஊறப்போட்ட கடலை போல.
ஆயிரத்து இருபத்துநாலுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு:
அதற்குப் பாடமான ஒரே வாய்ப்பாடு.

பிழை மொனிற்றரில் இல்லை.
விஜிஏ வயரின் ஊசிகளில் ஒன்று
எப்போதோ முறிந்துவிட்டது.
மற்றவை படத்தைக் கொண்டுபோகின்றன.
'நான் இன்ன அகலம், இன்ன உயரம்' என்று
திரை தன்னைச் சொல்லவேண்டிய ஊசி அதுதான்.
லினக்ஸ் கேட்டுப் பார்க்கிறது,
பதில் வராததால்
எல்லாருக்கும் பொருந்தும் ஒன்றை எழுதிக்கொள்கிறது.
குறை சொல்லமாட்டேன்.
கச்சேரியில் படிவம் நிரப்புகிறவரும் அப்படித்தான்.

புது வயர் ஸ்ரான்லி வீதியில் இருக்கிறது.
முதலில் கடை வாடகை.

ஆகவே தினமும்
கறுப்பு ஜன்னலைத் திறந்து மூன்று வரி.
இப்படியோர் அளவு உண்டு,
அது இந்தத் திரைக்குரியது,
இனி அதிலே நில்.
திரை ஒருதரம் கண் இருண்டு
திரும்பும்போது எழுத்து மெலிந்திருக்கும்.
பத்து மணிக்குக் கரண்ட் போகும்.
பழைய யூபிஎஸ் இரண்டுதரம் கீச்சிட்டுக் கைவிடும்.
வந்ததும் மறுபடி மூன்று வரி.

நான் செய்வது கல்வெட்டு.
வெளியூர்க்காரர் கேட்டால் கல்லைத் தேடுவார்கள்.
எங்களுக்கு அது முப்பத்தோராம் நாள்
கையில் கொடுக்கிற புத்தகம்:
அட்டையில் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி,
கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல்.

செவ்வாய்க்கிழமை திலகேஸ்வரி வந்தார்,
கோண்டாவிலில் இருந்து, பென்டிரைவோடு.
கரண்ட் வந்து ஐந்து நிமிடம்.
நான் இன்னும் அந்த மூன்று வரியை அடிக்கவில்லை.
படத்தைத் திறந்தேன்.
மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலத்தில்
சபாநடேசன்,
கன்னம் நிறைந்து, சேர்ட்டைத் தோள் நிரப்பி.

'மன்னியுங்கோ, திரை பிழை. இப்ப சரியாக்கிறன்.'
'பொறு பிள்ளை.'
கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.
'இப்பிடித்தான் இருந்தவர்,
வருத்தம் வர முந்தி.
அப்ப ஒரு படத்துக்கும் நிண்டதில்லை.
இது ஆஸ்பத்திரி அட்டைக்கு எடுத்தது.'

என் விரல் விசைப்பலகைக்கு மேலே.
பக்கத்துக் கடையில்
லாமினேற் மெஷின் சூடாகும் மணம்.
நான் அடிக்கவில்லை.
அவர் போகும்வரைக்கும் அடிக்கவில்லை.

அன்றிரவு மூன்று வரியையும் ஒரு கோப்பில் எழுதினேன்,
புள்ளியில் தொடங்கும் பெயர் வைத்து.
மெய்யெழுத்துக்குப் புள்ளி தலையில்,
இதற்கு முன்னால்.
அங்கே அது அகரத்தை எடுத்துவிடும்,
இங்கே கோப்பையே கண்ணிலிருந்து.
ஆனாலும் உள்நுழையும் ஒவ்வொரு தரமும்
யாரோ அதை வாசிப்பார்கள்.

முதற்தரம் நிற்கவில்லை.
பெயரின் நடுவில் ஒரு சிறுகோடு விட்டுப்போயிருந்தது.
போட்டேன். நானே மெயினை நிறுத்தி
நானே ஏற்றினேன்.
நின்றது.
ஐந்து தரம் நிறுத்தினேன், ஐந்து தரமும் நின்றது.
தம்பி லுக்‌ஷனுக்குச் செய்தி போட்டேன்.
பெருவிரல் ஒன்று அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை, அச்சுக்குப் போக முன்,
திலகேஸ்வரி மறுபடி வந்தார்.
திரை தன் அளவில் இருந்தது.
சபாநடேசனும் தன் அளவில்:
கழுத்தெலும்பு,
கழுத்துக்கும் கொலருக்கும் நடுவே இரண்டு விரல் இடம்.
அவர் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
எழுத்துப்பிழை பார்க்கக் கொண்டுவந்த கண்ணாடியைத்
துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

நான் படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.
நூற்றுக்கு முப்பத்துமூன்று. அது ஆள் மாறாட்டம்.
இருபது.
பிறகு எட்டு.

'காணும்' என்றார்.

இந்தத் தரம் வயரில் பழிபோட வழியில்லை.
சேமிக்கவா என்று கேட்டது கொம்பியூட்டர்.

ஓம்.